உடைந்த சீழ்க்கை

மார்ச் பிறந்ததும் மணிப்பறவைகள் மலைக்குத் திரும்பிவிட்டன. மூக்கோரத்தில் மூன்று கறுத்த புழுக்கள் தொங்குவது போன்ற மூஞ்சி. வாயைத் திறந்தால் பட்டறையில் இரும்படிக்கிற சத்தம். அதன் பின்னாலேயே ஒரு சீழ்க்கை. போன வருடம்வரை யோர்லேனிக்கு அது வெறும் இரைச்சல். இந்த வருடம் முதல் சத்தம் கேட்டதுமே வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

அவள் கணவன் வில்பெர்த் பறவை பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறவன். மிச்ச நேரமெல்லாம் பறவைக் குரல்களைப் பதிவு செய்துகொண்டு திரிவான். கருவி ஓடும்போது வாயைத் திறக்கவே மாட்டான். ஒருமுறை பூட்ஸ்மேல் பாம்பு ஏறிப் போனபோதும் மூச்சுவிடாமல் நின்றான் என்று ஊரே சொல்லிச் சிரிக்கும். போன மே மாதம், "காலையில வடக்கு முகட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவைத்து, விடிவதற்குமுன் எழுந்து போனவன் திரும்பவில்லை. ஒன்பது நாள் ஊர் முழுக்க வடக்கு முகட்டைச் சலித்தது. அவன் தொப்பிகூடக் கிடைக்கவில்லை. அங்கே தேடச் சொன்னவள் யோர்லேனிதான்.

ஜனவரியில், ஆற்றில் மணல் அள்ளியவர்கள் அவனுடைய கருவியைக் கண்டெடுத்தார்கள். முகட்டு ஓடையும், யோர்லேனி வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஓடும் ஓடையும், இன்னும் இரண்டும் சேர்கிற இடம் அது. எதில் அடித்துவந்தது என்று யார் கண்டது? உள்ளே கடைசிப் பதிவு மட்டும் நாற்பது விநாடி பிழைத்திருந்தது. எந்தப் பதிவானாலும் முடிவில் தேதி, நேரம், இடம் மூன்றையும் வில்பெர்த் தன் குரலில் சொல்லிவைப்பான். இதில் அந்தக் குரல் இல்லை. பறவை இரண்டு முறை கத்துகிறது, அத்தோடு பதிவு அறுந்துவிடுகிறது.

வில்பெர்த்தின் தம்பி எலாதியோவும் வழிகாட்டிதான். அவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

"அண்ணி, இந்தச் சீழ்க்கையக் கேளுங்க. நடுவுல உடையுது பாருங்க."

"எல்லாம் ஒரே கத்தல்தானேடா."

"இதப் பதிஞ்சிட்டு அண்ணன் வீடு திரும்பியிருந்தா, உங்களை உட்காரவச்சு ராத்திரி முழுக்கப் பாடம் எடுத்திருப்பான்." சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். "ஒவ்வொண்ணும் வருஷா வருஷம் அதே கொம்புக்குத்தான் வரும், அண்ணி. மார்ச் வரட்டும். உடைஞ்ச சீழ்க்கை எங்க கேக்குதோ, அண்ணன் அங்கதான் நின்னிருக்கான்."

அவள் காத்திருந்தாள். பால் பண்ணையில் பாலாடைக்கட்டியைத் திருப்பிவைக்கும்போதும், துணி மடிக்கும்போதும் அந்த நாற்பது விநாடி காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பறவைகள் வந்ததும் பன்னிரண்டு காலை இருவரும் முகட்டுக்கு ஏறினார்கள். கேட்ட சீழ்க்கை எல்லாம் பிசிறில்லாத சீழ்க்கை. ஒவ்வொன்றும் அவளை ஏமாற்றியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆறுதலாகவும் இருந்தது. இடம் தெரியாதவரை அவன் செத்தவன் இல்லையே.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. துணி வடிகட்டியில் காப்பித்தூளைப் போட்டுக் கொதிநீரை ஊற்றினாள். ஜன்னலுக்கு வெளியே இரும்படி விழுந்தது. பின்னாலேயே சீழ்க்கை. நடுவில் உடைந்தது.

கொதிநீர் கையில் வழிந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை. சத்தம் வீட்டுப் பின்புறப் பள்ளத்திலிருந்து வந்தது. அங்கே எதிர்க்கரை சரிந்த இடம் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. அது சரிந்தது அவன் போன அதே நாள். இரவெல்லாம் பெய்த மழையில் ஊறி, அவள் பண்ணையில் இருந்தபோது விழுந்திருக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தவள், 'நல்லவேளை, அவர் முகட்டில் இருக்கிறார்' என்று நினைத்திருந்தாள்.

முகட்டுக்கு ஏற எலாதியோ வருவதற்குள் பதிவைப் போட்டு, காதுக்கருவியை மாட்டி, சத்தத்தை முழுதாகக் கூட்டினாள். இரண்டு கத்தலுக்கும் நடுவே பொடியாக ஒரு கீச்சு. நூறு முறை கேட்டிருக்கிறாள். இரைச்சல் என்று விட்டிருந்தாள். இப்போது விளங்கியது. ஒரு பொம்பளை கூப்பிடுகிறாள்.

"வில்பெர்த்! காப்பி ஆறுது!"

அவளுடைய குரல்தான். அன்று காலை வீட்டுப் பக்கம்தான் இருப்பான் என்று கூப்பிட்டது; பதில் வராததால் முகட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்திருந்தாள்.

"கிட்டத்துல இருந்திருந்தா எனக்குப் பதில் சொல்லியிருப்பாரு" என்றுதான் அன்று தேட வந்தவர்களிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். கூப்பிடு தூரத்தில் கருவியைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடி நின்றிருக்கிறான் பாவி. பாம்புக்கே வாய் திறக்காதவன் காப்பிக்கா திறப்பான்? ஊருக்கே தெரிந்தது அவளுக்கு மறந்துபோயிற்று. தன்னை எதனால் அடித்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

வந்து கேட்டதும் எலாதியோ மண்வெட்டியை எடுத்தான். "நீங்க இங்கயே இருங்க, அண்ணி. வராதீங்க."

"நான் சொன்ன இடத்துலதானே ஒன்பது நாள் தேடினீங்க," என்றாள். "நகரு."

பள்ளத்தில் இறங்கினாள். சரிந்த மண்ணில் முழங்கால் உயரம் புல். மேலே பட்டுப்போன கொம்பில் வெள்ளைத் தலையோடு அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது.

அன்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, 'பட்டினி கிட' என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவள் அவள். இப்போது அந்தப் புல்லில் மண்டியிட்டாள். பறவை வாயைத் திறந்தது. அது கத்தி முடிக்கும்வரை மூச்சுவிடாமல் காத்திருந்தாள். அப்புறம்தான் நான்காவது முறை கூப்பிட்டாள்.