பத்தரை மணி ரயிலின் முன்பாதி

உருளைக்கிழங்கு விடுமுறைக்கு மூன்று பேரும் ரயிலேறுவது என்று முடிவான அன்றே சட்டமும் போட்டாயிற்று. ஆளுக்கு ஓர் ஊர். அவரவர் ஊரில் அவரவர் வைத்ததுதான் சட்டம், மற்ற இருவரும் முனகாமல் பின்னால் வர வேண்டும். அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடம் விடும் அந்த ஒரு வாரத்தில் இப்போது எந்தப் பிள்ளையும் உருளைக்கிழங்கு தோண்டுவதில்லை. ஆனாலும் அவர்களுடைய செல்யே ஊரில் அந்தப் பெயர் மட்டும் போன பாடில்லை.

டிங்காரா புடாபெஸ்ட் கேட்டாள். வெந்நீர்க் குளத்தில் கழுத்துவரை முங்கிக் கிடக்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றாள். லோவ்ரோ மியூனிக் கேட்டான். அங்கே இயந்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. பல்சக்கரத்தைக் கண்டால் சோறு தண்ணீர் மறக்கிற ஜாதி அவன். பிரீனாவின் முறை வந்தது.

"எனக்கு ஊர் வேண்டாம். ஒரு ரயில் வேணும்."

"என்னது?"

"செவ்வாய்க்கெழம வியன்னாவுல இருந்து பத்தரை மணிக்குக் கிளம்புற ரயில். எப்படியும் மியூனிக் போறோம்ல, அதுலயே போவோம். அவ்ளோதான்."

இப்படி ஒரு கோரிக்கையை வைத்துவிட்டுக் காரணம் சொல்லாமல் இருந்தால் சிநேகிதர்கள் சும்மா விடுவார்களா? புடாபெஸ்ட்டில் ஆவி பறக்கும் குளத்தில் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு துளைத்து எடுத்தார்கள்.

"யாருடி அவன்? ரயில்ல வர்றானா, ரயில ஓட்டுறானா?" என்றாள் டிங்காரா.

"ஓட்டுறவன்னா எனக்கு ஓக்கே. எஞ்சினுக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லு," என்றான் லோவ்ரோ.

பிரீனா மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள். வாயைத் திறந்தால் உளறிவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

விஷயம் இதுதான். அவளுக்குப் பதினைந்து வயதாகும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "லின்ஸ்ல ஒனக்கு ஒரு அக்கா இருக்கா. பேரு மார்லீஸ்." சொல்லிவிட்டு அந்தத் துணியை எடு என்றார். இரும்பாலை வேலைக்காக அவர் ஆஸ்திரியாவில், லின்ஸில் இருந்த காலத்துச் சமாச்சாரம் அது. அந்தப் பெண்ணின் அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு வீடு மாறினாள், அப்பா போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. அவரும் ஒரு கட்டத்தில் போடுவதை நிறுத்திவிட்டார். அவ்வளவு பெரிய செய்தியை எண்ணெய்த் துணியோடு சேர்த்துச் சொன்ன மனிதரிடம் அதற்குமேல் என்ன கேட்பது?

கேட்கவில்லை, ஆனால் தேடினாள். போன கோடையில் ஒரு லின்ஸ் பத்திரிகையின் பழைய இதழில் கிடைத்தது. ரயில்வேயில் புதிதாகச் சேர்ந்த டிக்கெட் பரிசோதகர்கள் ஏழு பேரின் படம், கீழே பெயர்கள். அதில் மார்லீஸின் முகத்துக்குப் பாதி தொப்பி, மீதி பக்கத்து ஆளின் தோள். பிரீனா அந்தத் தாடையையே ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரயில்வே அலுவலக முகவரிக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதினாள், ஒன்பது முறை அடித்துத் திருத்தி. கூட அனுப்ப இருபது போட்டோ எடுத்தாள். எதிலும் அவளுக்கு அவளைப் பிடிக்கவில்லை, கடிதத்தை மட்டும் அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. "அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி வியன்னாவிலிருந்து பத்தரை மணி ரயிலில் எனக்கு வேலை. நீ அதில் வந்தால், டிக்கெட் பார்க்க நான் எப்படியும் வருவேன்."

வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு பிரீனா ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. அந்த முகத்தை முழுசாக ஒரு தடவை பார்க்க வேண்டும். தன்னைப் பார்த்ததும் அது மலருமா சுருங்குமா என்று தெரிய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வியன்னா நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. ஆஸ்திரியப் பள்ளிகளுக்கும் விடுமுறை. முதலில் திறந்த கதவு எதுவோ அதில் மூவரும் முண்டியடித்து ஏறினார்கள். ரயில் பாஸில் அன்றைய பயணத்தை ஏறுவதற்கு முன்பே போனில் பதிந்தாக வேண்டும். அந்த வேலையை லோவ்ரோ மூன்று பேருக்குமாகச் செய்து முடித்திருந்தான். உட்கார இடம் கிடைத்ததும் பிரீனா நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் ஏதேதோ சொன்னார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை, கண் மட்டும் பெட்டியின் கோடிக் கதவிலேயே இருந்தது.

லோவ்ரோ பையைத் திறந்து ஈரல் விழுது டப்பாவை எடுத்து ரொட்டியில் தடவ ஆரம்பித்தான். பயணத்துக்கென்று அவன் அம்மா ஒன்பது டப்பா கட்டிக் கொடுத்திருந்தாள்.

"ஐரோப்பா முழுக்க இதையே நாறடிச்சிட்டு வர்றியேடா," என்றாள் டிங்காரா. சொல்லிக்கொண்டே கையையும் நீட்டினாள்.

கதவு திறந்தது. பெரிய பை ஒன்றோடு ஒரு சைக்கிள்காரர். மறுபடி திறந்தது. அழுகிற குழந்தையோடு ஒரு தாய். ஒவ்வொரு முறையும் பிரீனா பாதி எழுந்து உட்கார்ந்தாள். லின்ஸ் வந்தது, போனது. லின்ஸைத் தாண்டிக் கால் மணி நேரம் ஆன பிறகுதான் டிக்கெட் பார்க்க ஆள் வந்தது. வந்தவருக்குத் தொப்பை, தொங்கு மீசை, ஐம்பத்தைந்து வயது.

பிரீனா பாஸை நீட்டியபடி கேட்டாள். "இன்னிக்கு இந்த ரயில்ல மார்லீஸ்னு ஒருத்தங்க இல்லையா?"

"இருக்காளே! அவ முன்பாதியில."

"அப்ப இங்க வர மாட்டாங்களா?"

"எப்படிம்மா வருவா? ரெண்டு ரயிலை மூக்கோட மூக்கு ஒட்டி ஓட்டுறோம், நடுவுல வழி கிடையாது. சால்ஸ்பர்க்ல பிரிச்சிருவோம். அவளுது இன்ஸ்ப்ரூக் போகுது, நாம மியூனிக்." மனிதர் சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

பிரீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சைக்கிள் செயினில் தொடங்கி இரண்டு வரிப் பதில்வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். லோவ்ரோவின் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது.

"அடிப்பாவி, அக்காவா! நாங்க எவனோ ஒரு பயன்னு பந்தயமே கட்டிட்டோம்," என்றாள் டிங்காரா, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு.

"தப்பு என்மேலதான்," என்றான் லோவ்ரோ. முகம் சிவந்திருந்தது. "ஒரே மேடை, ஒரே நேரம், ரெண்டு ரயில் நம்பர். பாஸ்ல பதியும்போது பாத்தேன். மியூனிக் போறத அமுக்கிட்டு விட்டுட்டேன். ரயில் பைத்தியம்னு பேரு வேற எனக்கு."

"அவங்களுக்குத் தெரியாதா எந்தப் பாதின்னு?" என்றாள் பிரீனா. "தினம் அதுலயே போறவங்க. முன்னாடி ஏறுன்னு ஒரு வார்த்த சேத்து எழுத எவ்ளோ நேரம் ஆகும்? எழுதலன்னா என்ன அர்த்தம்? வராத வரைக்கும் நல்லதுன்னுதான அர்த்தம்?"

லோவ்ரோ ரொட்டியைக் கீழே வைத்தான். இருவருக்கும் ஆம் என்று சொல்ல மனம் வரவில்லை, இல்லை என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மலைகள் கிட்டே வந்துகொண்டிருந்தன, யாரும் பார்க்கவில்லை.

"சால்ஸ்பர்க்ல எவ்ளோ நேரம் நிக்கும்?" என்றாள் டிங்காரா.

"முன்பாதி நாலு நிமிஷம்," என்றான் லோவ்ரோ போனைப் பார்த்து.

"அப்ப ஓடு."

"அவங்களுக்கு வேண்டாம்னா?"

"வேண்டாம்னா அந்த மூஞ்சியப் பாத்துட்டு அடுத்த ரயில்ல மியூனிக் வா. ஒரு மாசமா தெரிஞ்சுக்கணும்னு கெடந்து சாகுறியே, தெரிஞ்சுக்கோ. ஒன் பைய நாங்க தூக்கிட்டு வர்றோம்."

சால்ஸ்பர்க்கில் கதவு திறந்ததும் பிரீனா குதித்தாள். "பாஸ்ல ரயில மாத்திக்கோ! இல்லன்னா அபராதம்!" என்று பின்னால் லோவ்ரோ கத்தினான். யாருக்கு அதெல்லாம்? மேடை நெடுகப் பெட்டிகளும் தள்ளுவண்டிகளும் பனிச்சறுக்குப் பலகைகளும். ஒரு கிழவரின் தடியைத் தாண்டி, ஒரு நாயின் கயிற்றைத் தாண்டி ஓடினாள். இரண்டு மூக்குகளும் ஒட்டியிருந்த இடம் தாண்டியதும் கண்ணில் பட்ட முதல் கதவில் ஏறினாள். ஏறிய கையோடு அது மூடிக்கொண்டது.

மூச்சிரைக்க ஒரு காலி இருக்கையில் விழுந்தாள். எதிரே அவள் வயதே இருக்கும் ஒரு ஜெர்மன்காரப் பெண், காதில் பாட்டோடு. ரயில் அசைந்தது. சன்னமான ஒரு பயம் அப்போதுதான் அவளைப் பிடித்தது. டிக்கெட் இல்லை, பை இல்லை, போகிற ஊரில் ஓர் ஆள் தெரியாது. அந்த முகம் சுருங்கினால் எந்தப் பக்கம் பார்ப்பது?

பெட்டியின் கோடியில் கதவு திறந்தது. சிவப்புக் கழுத்துத்துணி, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருத்தி. பிரீனாவுக்கு முதலில் தெரிந்தது தாடைதான். அதற்கு மேலே மூக்கு, கண், புருவம் என்று எல்லாம் இருந்தன. அந்தப் படத்தில் தெரியாத சில சின்னப் புள்ளிகள் கன்னத்தில் இருந்தன. மார்லீஸ் ஒவ்வொரு வரிசையிலும் நின்று, பெரியவர்களை விட்டுவிட்டு இளம்பெண்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எதிர் இருக்கைக்காரி காதிலிருந்து பாட்டைப் பிடுங்கினாள். "மறுபடியுமா? காலையில இருந்து ரெண்டு தடவ என் பாஸ்போர்ட்ட வாங்கிப் பாத்துட்டீங்க. பெட்டியில இருக்குற பொண்ணுங்க எல்லார்ட்டயும் பேரு கேக்குறீங்க. யாரையாவது தேடுறீங்களா, என்ன?"

"ஆமா," என்றாள் மார்லீஸ். "மன்னிச்சுக்கோங்க."

பிறகு திரும்பினாள். புதிதாக வந்து உட்கார்ந்திருந்தவளை, ஓடிச் சிவந்த முகத்தை, நெற்றியில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தாள். பாஸ்போர்ட் கேட்க நீட்டிய கை பாதியில் நின்றது.

பிரீனா எழுந்து நின்றாள். "என்கிட்ட இந்த ரயிலுக்கு டிக்கெட் இல்ல," என்றாள். ஒன்பது முறை திருத்தி எழுதத் தெரிந்தவளுக்கு வாயில் வந்தது அவ்வளவுதான்.

மார்லீஸின் கண் நிறைந்துவிட்டது. வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பதை மறந்து பக்கத்து இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"வியன்னாவுல இருந்து தேடுறேன்," என்றாள். "எங்க போயிட்ட நீ?"