மூட வேண்டியது நல்ல கண்ணை

என் மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய இடது கண் சோம்பேறிக் கண் என்று கண் டாக்டரம்மா சொன்னபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்குச் சோம்பேறிக் கண் எங்கிருந்து வரும்?

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இடது கண்ணில் பவர் அதிகம். அதில் எல்லாம் மங்கலாகத் தெரிவதால், மூளை அதைக் கண்டுகொள்ளாமல் வலது கண்ணை மட்டும் நம்பிக் காலம் தள்ளுகிறது. கண்ணாடி போட வேண்டும். அதோடு தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை மூடி வைக்க வேண்டும். வேறு வழியில்லை என்றானதும் இடது கண் வேலைக்கு வரும்.

"இப்பவே செஞ்சா நல்லா தேறிடும். வளர வளர கஷ்டம்," என்றார்.

நல்ல கண்ணை மூட அவர் கொடுத்த ஒட்டும் பட்டையை உரித்த முதல் நாளே தோல் சிவந்து, வாலு கத்தி ஊரைக் கூட்டிவிட்டாள். நான் தையல் கம்பெனியில் சட்டையில் பட்டனுக்குக் காஜா எடுப்பவள். எனக்கா வழி தெரியாது? டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மாட்டும்படி ஒரு துணி உறை தைத்தேன். பக்கவாட்டில் எட்டிப் பார்க்கவும் இடம் வைக்கவில்லை. மேலே நூலால் ஒரு முயலையும் போட்டுக் கொடுத்தேன்.

என் கணவருக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. விடிவதற்கு முன்பே போய்விட்டு, மதியம் புருவமெல்லாம் மாவோடு வந்துவிடுவார். நான் வர இருட்டிவிடும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் வாலுவுக்கு முயலை மாட்டிவிடுவது அவர் பொறுப்பு.

"போட்டாளா?" என்பேன்.

"போட்டா."

"அழுதாளா?"

"சேச்சே, சமத்தா இருந்தா."

எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். முயலின் மகிமையைக் கம்பெனி முழுக்க அளந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து மூவரும் பரிசோதனைக்குப் போனோம். வலது கண்ணால் வாலு கடைசி வரிவரைக்கும் படபடவென்று ஒப்பித்தாள். இடது கண்ணால் படிக்கச் சொன்னதும், முதல் தடவை நின்ற அதே வரியில் நின்றுவிட்டாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"உறை ஒழுங்கா போடுறீங்களா?"

"ஒரு நாள் விடலைங்க! வேணும்னா இவரையே கேளுங்க."

இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலுவுக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது.

"நான் தினமும்தான் போடுறேன்! முயல் இங்க இருந்தா ஒண்ணுமே தெரியாது. அதான் அப்பா இந்தப் பக்கம் மாத்திடுவாரு," என்று இடது கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள்.

மூன்று மாதமாக, மூடக்கூடாத கண்ணை மூடி வைத்திருக்கிறார் இந்த மனிதர்.

"என்னங்க இது?"

"மொத நாளே கதவுல இடிச்சுக்கிட்டா," என்றார் தரையைப் பார்த்தபடி. "கலர் பென்சிலைக் கையில வெச்சுக்கிட்டு படம் எங்க, படம் எங்கன்னு தேடுறா. எடுத்துடுப்பான்னு அழுறா. எனக்குத் தாங்கலை. சுளுக்கின காலுக்கு ஓய்வு குடுக்கறோம்ல? முடியாத கண்ணுக்கும் ஓய்வு குடுத்தா நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"பன்னு சுடுற வேலையோட டாக்டர் வேலையும் பாக்குறீங்களா?"

அவருக்குப் பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல நாக்கு புரளாது. அந்த லட்சணம் தெரிந்தும் அவரிடம் விட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அவர் மேலும் ஒன்று சொன்னார்.

"எல்லாருக்கும் ஒரு கண்ணு கம்மியாத்தானே இருக்கும்? எனக்கும் அப்படித்தான். நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். எந்தக் கண் என்று கேட்டுக்கொண்டு, இவரை நாற்காலியில் உட்காரவைத்து வலது கண்ணை மறைத்தார்.

"மேல இருக்கற எழுத்து தெரியுதா?"

"எந்த எழுத்து?"

"பலகை தெரியுதா?"

"வெள்ளையா என்னமோ இருக்கு."

வாலுவுக்கு இது விளையாட்டாகப் பட்டது. "அய்யோ அப்பா! எவ்ளோ பெரிய எழுத்து, அதுகூடத் தெரியலையா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு கையில ஒண்ணு பலமா இருக்குதுல்ல, கண்ணும் அப்படித்தான்னு நெனச்சிருந்தேன்," என்றார் மெதுவாக.

டாக்டரம்மா கருவியை வைத்து நெடுநேரம் பார்த்தார். மகளுக்கு இருப்பதுதான் அப்பனுக்கும். சின்ன வயதில் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கண்ணாடி போட்டால் கொஞ்சம் உதவலாம், முழுப் பார்வையை இந்த வயதில் எதிர்பார்க்க முடியாது என்றார். இருக்கிற நல்ல கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும், அடுப்பருகே பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்காமல் இருக்கவும் சொன்னார். இவர் காதில் அதெல்லாம் விழுந்ததா என்று தெரியவில்லை.

"இவளுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இவளுக்கு இன்னும் நேரம் இருக்கு. இனி வீணாக்காதீங்க."

வெளியே வந்ததும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். பாவமாக இருந்தது. வீடு வரும்வரை வாலுவை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை அவர்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டேன். வாலு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், இந்த முறை நானே மாட்டுவதாக முயலை எடுத்தேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாலுவை எதிரே உட்காரவைத்து, உரிக்க வாங்கிய பட்டாணிக் கூடையை நடுவில் வைத்து, வலது பக்கம் மாட்டினார்.

ஒரு காயைத் தேடி எடுப்பதற்குள் வாலு கூடையைக் கவிழ்த்தாள். "அப்பா, மாத்துப்பா."

"மாட்டேன்."

அவள் சிரித்தாள். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. விளையாட்டு இல்லை என்று புரிந்ததும் ஓவென்று அழுதாள். உருண்டாள், உதைத்தாள். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஓரடி எடுத்து வைத்தேன். அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நீ கெட்ட அப்பா!" என்று அவர் நெஞ்சிலும் முகத்திலும் இரண்டு கையாலும் குத்தினாள். அவர் விலகவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, குரலில் மட்டும் நடுக்கம் இல்லை.

"ஆமாம் செல்லம், கெட்ட அப்பாதான். இந்தா, இதை உரி."