பாத்திக்குப் போட்ட பேப்பர்

வெள்ளவத்தைத் தொடர்மாடிக் கட்டட முற்றத்தில் புல் பிடுங்கிப் பிடுங்கி என் விரல்கள் மரத்துவிட்டன. ஒரு மழைக்கு அது திரும்ப முளைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும்போது புல் தெரிந்தால், பூப்பாத்தியை மூடிச் சீமெந்து போட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தப்போவதாகக் கட்டடக் கமிட்டி சொல்லிவிட்டது. மருந்தடிக்க வசதியில்லை. செடிகளைச் சுற்றிப் பழைய பேப்பரைத் தடிப்பாக விரித்து, நனைத்து, மேலே தேங்காய்த் தும்புத்தூளைப் பரப்பிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் படாவிட்டால் புல் எழும்பாது.

நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் கீழ்மாடியில் குடியிருக்கும் யோகேஸ்வரி அம்மாவின் கணவர் வைத்தவை. ஐயா காலமான பிறகு பாத்திக்காகக் கமிட்டியில் வாதாடியது அந்த அம்மா ஒருவர்தான்.

கமிட்டிச் செயலாளர் ஷிஹான் வாசல் கேற்றடியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன இராமர் அண்ணன், புல்லுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்றீங்களா?"

"ஆமாங்க தம்பி. நாட்டு நடப்பக் கேட்டா அதுவே வெளிய வராதுங்க."

நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். முன்பு பேப்பர் வெறும் பேப்பர். இப்போது ஒவ்வொரு தாளையும் பார்த்துத்தான் விரிக்க வருகிறது. சாமி படத்தை எடுத்துவைப்பேன். மரண அறிவித்தல்களையும் மண்ணில் போடக் கை வராது. அப்படி எடுத்துவைத்ததில் குழாயடி மூலைக்குத் தாள் இல்லாமல் போயிற்று.

"பேப்பர் பத்தலிங்கம்மா."

வாசற்படியில் நின்ற யோகேஸ்வரி அம்மா உள்ளே போய் ஒரு கட்டோடு வந்தார். எல்லாம் ஒரே நாள் பேப்பர், மடிப்புக் கலையாதவை. விரித்தேன். முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. ஐயாவின் முகம்.

"அம்மா, இதுல ஐயா இருக்காருங்க."

"ஓம். சொந்தக்காரருக்குக் குடுக்கவெண்டு வாங்கினனான். எல்லாரும் போன்ல பாத்திட்டினம். ஒருத்தரும் கேக்கேல்லை."

"ஊரு பேரு தெரியாதவங்களையே நான் போடலிங்க."

"மழை இருட்டுது இராமர். போடுங்கோ."

நான் அசையவில்லை. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு குந்தினார். தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேல் தாளின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். வாளியிலிருந்து மற்றக் கையால் தண்ணீர் அள்ளித் தெளித்தார். தாள் ஊற ஊற, ஐயாவின் நெற்றியில் மறுபக்கத்து எழுத்துகள் இடம்வலம் மாறி எழும்பின. கூட்டி வாசித்தேன். மணமகள் தேவை.

தும்புத்தூள் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். முதல் தூறல் விழுந்தது. அம்மா தாளின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.