ஆளுக்கு ஒரு மங்கு

எட்டாங்கட்டைத் தோட்டத்தில், போன வருடம் பங்குனி மாதத்தில், இருபத்திரண்டு பேர் கூடாமல் குறையாமல் ஆளுக்கு அறுநூறு கிராம் இளைத்தார்கள். அந்தப் பதின்மூன்று கிலோ இருநூறு கிராமும், ஒரு மாத்திரைகூட விழுங்காத தினேஸ்வரியின் மேல் ஏறியிருந்தது. தோட்டம் என்பது இப்போது வெறும் பெயர். பத்து காஜா, சிம்பாங் பூலாய் என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்த ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, செம்பனையையும் விற்றுவிட்டுக் கம்பெனி போய் முப்பது வருடம் ஆகிறது. மிஞ்சியவை ஒரு மாரியம்மன் கோயில், நாற்பது மலிவு விலை வீடுகள், அந்தக் காலத்தில் ரப்பர் பாலை எடைபோட்டு வாங்கிய ஸ்டோர். ஆண்கள் கல்மலையில் பாறை உடைக்கவும் பெண்கள் கையுறைத் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். எல்லோருக்கும் இனிப்புநீர் வியாதி, எல்லோருக்கும் தொப்பை. அதனால்தான் ஈப்போவிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள்.

உடம்பு எடையைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைச் சோதிக்க வேண்டுமாம். வந்தவர்களுக்குப் பொறுப்பாளர் டாக்டர் நூருல் ஹுதா. வயது முப்பதைத் தாண்டாத பெண், நம் பாஷை நன்றாகப் பேசுவார். ஸ்டோரின் சிமெண்டுத் தரை மட்டமாக இருந்ததால் மெஷினை அங்கேயே வைத்தார். வெறுங்காலோடு ஏறி இரண்டு பிடிகளையும் பிடித்தால் கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு, எலும்பு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று காகிதம் வரும். தினேஸ்வரியின் தாய் நவமணிக்குத் தொண்ணூற்றொரு கிலோ வந்தது. பாதிப் பேருக்கு நிஜ மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாவும் கிடைக்கும், யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் ஐயாவுதான். தோட்டத் தொழிற்சங்கத்தில் இருபது வருடம் தலைவராக இருந்தவர் காதில் 'பாதிப் பேருக்கு மாவு' என்பது முதலாளி பேச்சாக விழுந்தது. டாக்டர் கார் கிளம்பியதும் இருபத்திரண்டு பாட்டிலையும் கோயில் குண்டானில் கொட்டச் செய்து, கரண்டியால் கலக்கி, ஆளுக்குச் சமமாகப் பங்கு போட்டார். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஏமாறக் கூடாது என்றுதான் நினைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நவமணியின் மகள் தினேஸ்வரி கிளினிக்கிலிருந்து திரும்பி, தாயைத் தேடிக்கொண்டு ஸ்டோருக்குள் வந்தாள். அவள் கர்ப்பமாகி நாலு மாதம் முடிந்திருந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்களாம். இதற்கு முன் மூன்று பிள்ளைகள் ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தன, மூன்றும் இதே சொல்லோடு. அவள் அழவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பொறுக்கமாட்டாமல், கூட்டத்தில் மூத்தவளான இருளாயிதான் பழைய பேச்சை எடுத்தாள். பால்மரம் சீவிய காலத்தில், மாசமாக இருக்கிறவளின் வாளி நிறையாவிட்டால், கணக்கு எழுதும் கிராணி நிறுப்பதற்கு முன்னால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மங்கு, மரத்தில் பால் பிடிக்கும் கோப்பை அளவு, பாலை அவள் வாளியில் ஊற்றுவார்கள். வாங்குகிறவள் போதும் என்று சொன்னால்தான் ஊற்றுவது நிற்கும். அவள் வாய் திறக்காத வரைக்கும் ஊற்றியே ஆக வேண்டும், மறுக்கும் வழக்கம் கிடையாது. வெட்கப்பட்டுக்கொண்டு மூன்றாவது மங்கிலேயே எல்லோரும் போதும் என்று சொல்லிவிடுவார்களாம். நாமும் ஊத்துவோமே என்றாள் இருளாயி. பால் நிறுத்த அதே தரையில் நின்றுகொண்டு, பாதி விளையாட்டாகவும் பாதி மனதாரவும், இருபத்திரண்டு பேரும் தினேஸ்வரிக்கு ஒரு மங்கு என்று சொல்லி மாத்திரையை விழுங்கினார்கள். தினேஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை.

முதல் மாதம் அறுநூறு கிராம், இரண்டாம் மாதம் இரண்டு கிலோ. எல்லோருக்கும் ஒரே கணக்கு. ஊரே சந்தோஷப்பட்டது, ஆண்கள் இடுப்புவாரில் புது ஓட்டை போட்டுக்கொண்டார்கள். தினேஸ்வரி நாற்பத்தாறு கிலோவிலிருந்து நூற்று மூன்றுக்குப் போனாள். ஆனால் அதே ஒல்லிக் கை, அதே பழைய ரவிக்கை. கிளினிக்கில் எடைமெஷின் பழுது என்று ஓரங்கட்டிவிட்டு வேறொன்று கொண்டுவந்தார்கள், அதுவும் நூற்று மூன்று என்றே சொன்னது. பிள்ளையின் இதயம் குதிரைபோல ஓடியது. கட்டில் கால் முறிந்ததையோ, புருஷன் மகேந்திரனின் மோட்டார் சைக்கிள் டயர் பொத்தென்று உட்கார்ந்ததையோ அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் மாதம் தாண்டிவிட்டது, அவளுக்கு அதுதான் முக்கியம்.

இருபத்திரண்டு காகிதத்திலும் ஒரே எண்ணைப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்தார், குண்டான் விஷயம் வெளியே வந்தது. கோபப்பட்டார், பிறகு கண்கலங்கினார், மிச்ச மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டு ஆராய்ச்சியை நிறுத்தினார். இளைப்பது நிற்கவில்லை. மூன்றாம் மாதம், மாத்திரையே இல்லாமல், ஆளுக்கு ஐந்து கிலோ போனது. நான்காம் மாதம் பத்து. கொழுப்பு தீர்ந்தவர்களுக்குத் தசையிலிருந்து எடுத்தது. எட்டு மாதக் கர்ப்பிணியான தினேஸ்வரி நானூற்று முப்பத்து மூன்று கிலோ இருந்தாள். நடந்தால் வீட்டுத் தரையில் ஓடு உடைந்தது, அதனால் உட்கார்ந்தே இருந்தாள். சனிக்கிழமைதோறும் தன் செலவில் வந்து பார்த்துப்போன டாக்டர் நவமணியிடம் ஒரு தடவை, "இத எழுத என் ஃபாரத்துல கட்டமே இல்லக்கா," என்றார்.

ஐயாவு ஆரம்பத்திலேயே அந்த இருபத்திரண்டு பேரில் சின்ன ஆள். காகிதத்தில் அவருடைய கொழுப்புக்கு நேரே வெறும் கோடுதான் இருந்தது. ஒருநாள் மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து தினேஸ்வரியின் எதிரில் உட்கார்ந்தார். "தினேசு, ஒரு வார்த்த சொல்லும்மா. போதும்னு மட்டும் சொல்லிடு. இதயமும் தசதான்னு டாக்டரம்மா சொல்றாங்க." தினேஸ்வரி வாயைத் திறந்தாள். போதும் என்று சொன்ன மறுநிமிடம் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அடுப்படியிலிருந்து நவமணி வந்து நின்றாள். "நீ வாயத் தொறக்காதடி. மூணு தடவ தொறந்து அழுதது பத்தாதா? அண்ணே, நீங்க எந்திரிச்சுப் போங்க. ஊத்துறதுக்கு நான் இருக்கேன்லா." தினேஸ்வரி வாயை மூடிக்கொண்டாள். ஐயாவு எழுந்து போனார். ஐந்தாம் நாள், தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் இதயம் நின்றது. பாடையின் முன்பக்கத்தை மகேந்திரன் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டான், பின்பக்கத்தை இன்னொருவன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கருமக்கிரியைக்கு நவமணியை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே போனாள். கூட்டத்தில் நின்று, தான் செய்தது பாவம் என்று சொன்னாள், ஆனாலும் மகளைப் போதும் என்று சொல்லவைக்க மனம் வரவில்லை என்றும் சொன்னாள். இனிமேல் எல்லோருடைய மங்கும் தன்னுடையது, யாரும் ஊற்ற வேண்டாம் என்றாள். மற்ற இருபது பேரும் ஒருவர்பின் ஒருவராகச் சரி என்றார்கள். இருளாயி மட்டும் சொல்லும்போது அழுதாள். அன்றிலிருந்து அவர்களுக்கு ஒரு கிராமும் குறையவில்லை. இப்போது திரும்பத் தொப்பை போட்டிருக்கிறது. நவமணிக்கு அப்போது எழுபத்து மூன்று கிலோ நானூறு கிராம். பழைய வேகம் இல்லை, ஆனாலும் மாதம் ஐந்தரைக் கிலோ அவள் ஒருத்தியிடமிருந்து போகத் தொடங்கியது.

பிரசவத்துக்குத் தினேஸ்வரியைச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் கொண்டுபோனார்கள். பையன். நீளம் நாற்பத்தொன்பது சென்டிமீட்டர், எடை முன்னூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ எழுநூறு கிராம். ஆஸ்பத்திரியில் அதை இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு உறுதி செய்தார்கள். தினேஸ்வரி பழையபடி நாற்பத்தாறு கிலோ ஆகி, எழுந்து நடந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற தாயின் முகத்தைப் பார்த்தாள், உடனே போதும் என்றாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த மாதமும் நவமணிக்கு ஐந்தரைக் கிலோ குறைந்தது. வாளி இப்போது தினேஸ்வரியுடையது இல்லையே. வாங்குகிறவன் அவன், சொல்ல வேண்டியதும் அவன்தான்.

பையனுக்கு ஷர்வின் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுத் தரை தாங்காது என்பதால் குடும்பம் பால் ஸ்டோருக்குக் குடிவந்துவிட்டது. அவனைத் தூக்க முடியாது, எல்லோரும் அவன் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். சிரித்த பிள்ளை, யாரைப் பார்த்தாலும் கை நீட்டுவான். டாக்டர் நூருல் ஹுதா இப்போது அவனை மட்டும்தான் நிறுக்கிறார். பிள்ளையின் இயல்பான வளர்ச்சி போக எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவு நவமணியிடம் குறைந்திருக்கும் என்பதால் அவளை மெஷினில் ஏற்றுவதில்லை, ஏறினாலும் மெஷின் அவளைக் கண்டுகொள்வதில்லை. போன மாதக் கணக்குப்படி நவமணி ஏழு கிலோ நானூறு கிராம். காற்றடிக்கிற நேரத்தில் முன்வாசலையும் பின்வாசலையும் ஒன்றாகத் திறந்துவைக்காமல் ஊரில் எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஷர்வினுக்குப் பதினோரு மாதம் முடிந்து, நாக்கு திரும்பத் தொடங்கியிருக்கிறது. காக்கா என்கிறான், அத்தை என்கிறான். தினேஸ்வரி காலை எழுந்ததிலிருந்து அவன் முன்னால் மண்டியிட்டு, உதட்டைக் குவித்துக் காட்டி, போதும் சொல்லு சாமி, போ-தும் என்று சொல்லித்தருகிறாள். இருளாயி வந்து சொல்லித்தருகிறாள், மகேந்திரன் கல்மலை லாரியிலிருந்து இறங்கியதும் சொல்லித்தருகிறான். போன வாரம் 'போ' வரைக்கும் வந்தது. சாயங்காலம் சோறு ஊட்டுவது மட்டும் நவமணியின் வேலை, அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பருப்புச் சோற்றைக் குழைய மசித்து, இரண்டு விரலால் எடுத்து நீட்டுகிறாள். நாலு வாய் வாங்கிய பிறகு அவன் வயிறு நிறைந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டைக் குவிக்கிறான். "இன்னும் ஒரு வாய்லா," என்று அவள் சோற்றை உள்ளே வைக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே விழுங்குகிறான்.