அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்

லீவு நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பெரியவனுக்குப் போனில் பட்டறையைப் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். அவன் வெளிநாட்டில் ஒரு மரச்சாமான் கம்பெனியில் தச்சுவேலை பார்க்கிறான். ஊரில் சொந்தப் பட்டறை போட்டு, கூடப்பிறந்த சின்னவனை அதில் உட்கார வைத்திருந்தான். சின்னவன் உட்கார்ந்ததோடு சரி. பலகையை எங்கே சாய்ப்பது, விளக்கை எங்கே மாட்டுவது, எல்லாம் இங்கிருந்தே உத்தரவு. அதிலும் தலையாய உத்தரவு ஒன்று: கதவோ கட்டிலோ, யார் வந்து கேட்டாலும் இவனைக் கேட்காமல் விலை சொல்லக் கூடாது. தம்பி வாயில்லாப்பூச்சி, எவனாவது தலையில் மிளகாய் அரைத்துவிடுவான் என்ற பயம். பாசம்தான், யார் இல்லை என்றார்கள்?

அன்றைக்குப் பெரியவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலையை விடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்துவிட்டான். போனிலேயே வளர்த்த மகளை இனி நேரில் வளர்க்கலாம். பட்டறை சோறு போடும்.

அறையில் மேல்கட்டிலில் சாய்ந்துகொண்டு, மெஷினைப் போடச் சொன்னான். சின்னவன் யாருக்கோ கண்ணைக் காட்ட, இழைப்பு மெஷின் ஓடியது. பலகை உள்ளே போனால் அதன் சத்தம் கம்மும், வெளியே வந்தால் ஏறும். இது கம்மவே இல்லை. ஒரே சீராகக் கத்திக்கொண்டிருந்தது.

"தரையைக் காட்டுடா."

சின்னவன் தயங்கித் தயங்கிக் காட்டினான். ஒரு மரச்சீவல் இல்லை. மெஷினை அணைக்கத் திரும்பிய ஆள் ஆசாரியும் இல்லை, பக்கத்து சைக்கிள் கடைக்காரர். பெரியவனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் வந்த கோபம் வாயோடு நின்றுவிட்டது.

சின்னவன் எல்லாவற்றையும் கொட்டினான். வருகிறவர்களிடமெல்லாம் அண்ணனைக் கேட்டுச் சொல்றேன் என்றானாம். அண்ணனோ டூட்டியில், போன் லாக்கரில். இவன் எடுத்து விலை சொல்வதற்குள் அவர்கள் வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். வேலையில்லாமல் ஆசாரிகள் போய்விட்டார்கள். அதற்கப்புறம் அண்ணனிடம் விலை கேட்டுப் போட்ட போன்களெல்லாம், ஆள் யாரும் வராமலே சின்னவன் ஜோடித்தவை. அண்ணன் திரும்பி வரப்போகிறான் என்றதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றானாம், அண்ணிதான் தடுத்தாளாம். தெரிந்தால் வரமாட்டார், முதலில் வந்து இறங்கட்டும் என்றாளாம்.

இனி பெரியவன் யாரைத் திட்டுவது? கெடுத்தது அவன் போட்ட உத்தரவுதானே.

"தப்பு என்னுதுடா. இனிமே என்னைக் கேக்காத. என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு, எனக்குச் சம்மதம்."



"வித்துடலாம்ணா. எனக்கு இந்தத் தொழில் ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்கல. நீ கேக்கல, நானும் சொல்லல."

நானே வந்து முதலிலிருந்து நடத்துகிறேன் என்பது பெரியவனின் தொண்டை வரை வந்தது. பட்டறை தலைதூக்கும் வரை வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? வித்துடு என்று சொல்லிப் போனை வைத்தான். கீழே இறங்கிச் சட்டையை மாட்டினான். சூப்பர்வைசரின் காலில் விழுந்தாவது எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று மனைவிக்குப் போன் போட்டான்.

அவள் உடனே எடுத்தாள். பின்னால் மகள் என்னவோ பாடிக்கொண்டிருந்தாள்.  சும்மாதான் கூப்பிட்டேன் என்றான்.

"தம்பி சொல்லிட்டாரா?" என்று கேட்டாள்.

இவன் ம் என்றான்.

"அப்போ நீங்க வரல" என்றாள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு வந்து அப்பாவிடம் பேசும்படி மகளைக் கூப்பிட்டாள்.