தலை முழுகப் போன சனிக்கிழமை

நான் வேலை செய்யும் வீட்டுக்காரி சிஞ்ஞோரா லொரெடானா எனக்குத் தந்த பிறந்தநாள் பரிசு, அவருடைய மருமகள் டிசம்பரில் அவருக்குத் தந்த நத்தார்ப் பரிசு. மருமகள் கொடுத்த எதையும் சிஞ்ஞோரா கையால் தொடமாட்டார். போன வருடம் ஒரு காப்பி மெஷின் இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. இந்த முறை வந்தது ஒரு கடித உறை. மலைக்காட்டுக்குள் இருக்கும் வெந்நீர் ஊற்று விடுதியில் இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க ஊறிக் கிடக்கலாம், ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் போய்விட வேண்டும் என்று அதில் இருந்தது.

இத்தாலியில், பலெர்மோவில் இத்தனை வருடமாக நான் மற்றவர்களுடைய குளியலறைகளைத் தேய்க்கிறேன். எந்த வீட்டுக் குளியல்தொட்டியில் எந்த மூலையில் ஊத்தை பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதற்குள் படுத்துக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டில் இருப்பது நின்று குளிக்கிற ஒரு மூலை. அதில் சவர்க்காரம் போடும் வரைக்கும் சுடுதண்ணீர் வரும், கழுவும்போது நின்றுவிடும். முழங்கால் இரண்டும் படியேறும்போது என்னோடு சண்டை பிடிக்கத் தொடங்கிப் பல காலம். சுடுதண்ணீரில் காலை வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். வாளிக்குள் வைத்தேன். வாளி முழங்கால் வரைக்கும் எட்டவில்லை. ஆகவே அந்தக் கடித உறையைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, தினமும் விளக்கு வைக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

என் கணவர் அருளம்பலம் கோயில் சபையின் செயலாளர். கணக்கு வேறொருவர் பார்க்கிறார், பூசை ஐயர் பார்க்கிறார், துடக்கு மட்டும் இவருடைய பொறுப்பு. ஒருவர் செத்தால் அவருடைய தகப்பன் வழி உறவுகளுக்கும் அவர்களுடைய மனைவிமாருக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குள் வரக்கூடாது, கொண்டாட்டம், உல்லாசப் பயணம் ஒன்றும் கூடாது. இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் உலகத்தின் எந்த மூலையில் யார் செத்தால் பலெர்மோவில் யாருக்குத் துடக்கு என்பது இவருக்கு மட்டும்தான் தெரியும். போன தைப்பொங்கலுக்குக் குகனேஸ்வரி கோயில் மடைப்பள்ளியில் புக்கை கிண்டிக்கொண்டு நின்றாள். இவர் போய், கனடாவில் அவளுடைய மாமனாரின் தம்பி மகன் காலமான செய்தியைச் சொல்லி, அகப்பையை வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். அந்த மனிதரை அவள் கண்டதே இல்லை. அழுதுகொண்டு போனாள். செத்தவருக்காக அழுகிறாள் என்று இவர் சபையில் பாராட்டிப் பேசினார்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமைதான் விடுதிக்குப் போவதாக இருந்தோம். வெள்ளிக்கிழமை காலையில், சிஞ்ஞோராவின் சமையலறையில் நிற்கும்போது, ஊரில் இருந்து இவருடைய தங்கை மகள் கிருசாந்தினி எனக்குச் செய்தி அனுப்பினாள். "மாமி, பெரிய மாமா மோசம் போயிட்டார். மாமாவுக்குப் பக்குவமாச் சொல்லுங்கோ."

பெரிய மாமா என்றால் பத்மநாதன், இவருடைய பெரியப்பாவின் மகன், எங்களுக்குப் பத்தண்ணை. எண்பதைத் தாண்டி நாலைந்து வருடமாகப் படுக்கையில் கிடந்தவர். நல்ல மனிதர். எனக்கு அவரில் ஒரு குறையும் இல்லை, இரண்டு நாள் பொறுத்துக் கண்ணை மூடியிருக்கலாம் என்பதைத் தவிர. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே யோசித்தேன்.

இவருக்குச் சொன்னால் முப்பத்தொரு நாள். முப்பத்தொரு நாளுக்குப் பிறகு அந்தக் கடித உறையை வைத்துக் கறிச்சட்டி கூட இறக்க முடியாது. ஆனால் துடக்கு தொடங்குவது காதில் விழுந்த நேரத்தில் இருந்துதான் என்று சபையில் பிரசங்கம் செய்கிறவர் இவரேதான். காதில் விழாதவருக்கு என்ன துடக்கு? எனக்கும் காதில் விழவில்லை, நான் வாசித்தேன். இன்னொரு விதியும் உண்டு. செத்த செய்தி கேட்டால் உடனே தலை முழுக வேண்டும். அப்படியென்றால் சனிக்கிழமை பின்னேரம், நன்றாக ஊறி முடிந்த பிறகு, இவர் தண்ணீருக்குள் நிற்கும்போதே சொல்லிவிடலாம். கேட்ட இடத்திலேயே முழுகி எழும்பலாம். இதைவிடப் பக்குவமாக ஒருவருக்கு எப்படிச் சொல்வது?

பத்தண்ணை இருந்திருந்தால் அவரே, "போயிட்டு வா பிள்ளை" என்று சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு சிஞ்ஞோராவின் குளியல்தொட்டியைக் கழுவப் போனேன்.

விடுதி பலெர்மோவில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல். எங்கள் பழைய பண்டா கார் மலை ஏறும்போது இவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பெற்றோல் விலையைப் பற்றிக்கூட முறைப்பாடு இல்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தாலும் கிண்டிப் பார்க்கப் போகவில்லை. மனச்சாட்சி உறுத்துகிறவள் மற்றவரை ஏன் கேள்வி கேட்கிறாள்?

ஓக் மரங்களும் புளி நிறத்தில் பாறைகளும் உள்ள நல்ல காடு அது. விடுதிக்காரருக்கு அந்தக் காடு போதவில்லை. வாசலில் மூங்கில் நட்டு, வாழை நட்டு, மரத்தால் செய்த குரங்குகளைத் தொங்கவிட்டு, புதருக்குள் ஸ்பீக்கர் வைத்துக் கிளிச் சத்தம் போட்டிருந்தார்கள். நான் திருகோணமலைப் பக்கம். காடு என்றால் பாம்புக்கும் ஆமிக்காரருக்கும் பயந்து ஓடின இடம். இங்கே காட்டுக்குள் போக முன்பதிவு செய்ய வேண்டும். வரவேற்பில் நின்ற பெண் எங்கள் நிறத்தைப் பார்த்ததும் கைகூப்பி, "நமஸ்தே" என்றாள். இவர், "புவோன்ஜோர்னோ" என்று இத்தாலியனிலேயே வணக்கம் வைத்தார்.

வெள்ளைத் துவாய்த் துணியில் தைத்த அங்கி இரண்டும், இறப்பர்த் தொப்பி இரண்டும் தந்தாள். தொப்பி இல்லாமல் குளத்துக்குள் இறங்கக்கூடாதாம். தலைமயிர் தண்ணீரில் படக்கூடாதாம். தலை நனையாமல் எப்படித் தலை முழுகுவது? என் திட்டம் முழுவதும் அந்தத் தொப்பியில் போய் முட்டி நின்றது.

சரி, அதைப் பிறகு பார்க்கலாம் என்று, கபோ சந்தையில் வாங்கிய கைகால் மூடின நீச்சலுடுப்போடு படிகளில் இறங்கினேன். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. கழுத்து வரைக்கும் சூடு ஏறினபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. யாரோ எனக்காகத் தண்ணீர் சுட வைத்து ஊற்றின மாதிரி இருந்தது. பிள்ளை பெற்ற நேரத்துக்குப் பிறகு எனக்கு யாரும் அப்படி ஊற்றியதில்லை. முழங்கால் இரண்டும் இருக்கிற இடமே தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கிழவர் நித்திரை. தொப்பி போட்ட இரண்டு பெண்கள் தங்கள் மாமியாரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு மிதந்தார்கள். நான் ஒருவரையும் பற்றி ஒன்றும் நினைக்காமல் கிடந்தேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் இவர் ஓர் ஓரமாக, தொப்பியோடு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பின்னேரம் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும்."

"பத்தண்ணையின்ரை விசயமோ?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"வியாழக்கிழமையே அண்ணையின்ரை மகன் எடுத்துச் சொன்னவன்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் எவ்வளவு ஆசையா இருந்தனீர். அந்தக் கடிதத்துக்குப் பூ எல்லே வைச்சுக் கும்பிட்டனீர்."

கலியாணம் கட்டி முப்பது வருடத்துக்கு மேல். இந்த மனிதர் எனக்காகத் தன்னுடைய சட்டத்தை உடைத்தார் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நம்பினதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. தண்ணீருக்குள்ளேயே அவருடைய கையைப் பிடித்தேன். அவரும் பிடித்தார்.

"அதோடை," என்றார், "நாளைக்குச் சபைக் கூட்டம். தெரிவு இருக்கு. குகனேஸ்வரியின்ரை மனுசன் செயலாளருக்கு நிக்கிறார். நான் துடக்கெண்டு வீட்டிலை இருந்தா என்ன நடக்கும்? நாளைக்குப் பின்னேரம் மட்டும் ஒருதருக்கும் மூச்சு விடாதையும்."

கையை விட்டுவிட்டேன். ஏச வேண்டும் போல இருந்தது. ஆனால் எந்த வாயால் ஏசுவது? இரண்டு பேரும் ஒரே தண்ணீருக்குள்தானே நின்றோம்.

அந்த நேரம் பார்த்து, கதிரையில் கழற்றி வைத்த அங்கிக்குள் என் போன் அடித்தது. நித்திரையாய்க் கிடந்த கிழவர் முழித்து என்னை முறைத்தார். ஓடிப்போய் எடுத்தேன். குகனேஸ்வரி.

"இந்திராக்கா, எங்கை நிக்கிறியள்? நாங்கள் உங்கடை வாசல்லை நிக்கிறம். பத்துப் பன்ரெண்டு பேர் வந்திருக்கிறம். செத்த வீட்டிலை அடுப்பு மூட்டமாட்டியள் எண்டு சோறு கறி எல்லாம் கொண்டு வந்தனாங்கள்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"இணையத்திலை மரண அறிவித்தல் போட்டிருக்கினம் அக்கா. 'அருளம்பலம் (இத்தாலி) ஆகியோரின் பாசமிகு சகோதரரும்' எண்டு கிடக்கு. உதென்ன அக்கா, கிளிச் சத்தம் கேக்குது?"

பொங்கல் அகப்பையை அவள் மறக்கவில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. என்னைச் சுற்றி மூங்கில், மரக்குரங்கு, காலடியில் நீராவி. குளத்துக்குள் நின்று இவர், கோயில் வாசலில் துடக்குக்காரரைத் தடுக்கும் அதே கையால், எனக்குச் சொல்லாதே சொல்லாதே என்று சைகை காட்டினார். எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியாது.

"வெந்நீர் ஊத்திலை நிக்கிறம் பிள்ளை," என்றேன். "எங்கடை பக்கத்திலை கன்னியா வெந்நீர்க் கிணத்திலைதான் செத்த ஆக்களுக்கு அந்தியேட்டி செய்து முழுகிறது, உனக்குத் தெரியும்தானே. பத்தண்ணைக்குக் குழாய்த் தண்ணியிலை முழுக இவருக்கு மனம் வரேல்லை. இஞ்சையும் மலைக்கை ஒரு ஊத்து இருக்கெண்டு அறிஞ்சு விடியவே வெளிக்கிட்டு வந்திட்டார்."

அவள் அதை அப்படியே மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. யாரோ ஒருவர், "பாருங்கோவன், மனுசன் எண்டால் அதுதான்," என்றார்.

போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். இவர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று தரம் முழுகி எழும்பினார். காவலுக்கு நின்ற பெடியன் விசில் ஊதினான். மூன்றாம் தரம் எழும்பும்போது இவர் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். அது பத்தண்ணைக்காகவா, செயலாளர் பதவிக்காகவா என்று நான் கேட்கவில்லை. அங்கியைக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டோம். பகல் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை.

இவர் ஈரத் தலையோடு முன்னே போக, நான் பின்னால் படியேறிப் போனபோது எல்லாரும் சோற்றுப் பானையோடு காத்திருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. குகனேஸ்வரி மட்டும் எனக்குப் பருப்பு போடும்போது, "அக்கா, உங்கடை முகம் நல்லா மினுங்குது," என்றாள்.

இவருக்கு மரியாதை செய்து சபைக் கூட்டத்தைத் துடக்குக் கழியும் வரைக்கும் தள்ளிப் போட்டார்கள். கழிந்த பிறகு போட்டியே இல்லை. குகனேஸ்வரியின் மனிதர்தான் இவருடைய பெயரை முன்மொழிந்தார். புலம்பெயர்ந்த மண்ணிலும் புனித நீரைத் தேடிக் கண்டுபிடித்தவர் என்று சொன்னார். இவர் அதை மறுக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவரே நம்பத் தொடங்கிவிட்டார்.

ஆடியில், பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் இருக்கும் ஒருவருக்கு ஊரில் தகப்பன் தவறினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மலைக்குப் போக வேண்டும் என்று அவர் வந்து இவரைக் கேட்டார். பஸ் பிடித்துப் போனார்கள். அதற்குப் பிறகு நாலு குடும்பம். விடுதிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் திங்கட்கிழமைகளிலும் ஆட்கள் வருவது அவர்களுக்குப் பிடித்திருந்தது. கடைசிக் குளத்தை எங்களுக்கென்று ஒதுக்கி, தொப்பிச் சட்டத்தையும் அங்கே விட்டுக்கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் கையில் எள்ளு வைத்துத் தண்ணீர் இறைப்பதைக் கண்டு, தங்கள் சிகிச்சைப் பட்டியலில் எள்ளுக் குளியல் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். மாமியாரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு மிதந்தவர்களைப் போன்ற பெண்கள் அதற்கு வரிசையில் நிற்கிறார்களாம்.

நான் மட்டும் பிறகு போகவில்லை. ஒருவரும் சாகாமல் அந்தப் பக்கம் போவது இப்போது பெரிய அபசகுனம். நத்தாருக்குச் சிஞ்ஞோரா அதே மாதிரி இன்னொரு கடித உறையைக் கொண்டுவந்து நீட்டினார். நல்ல சேதி நடக்க இருக்கிற வீட்டில் அதை வைத்திருக்கவே கூடாது என்று இவர் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். எந்த நல்ல சேதி என்று கேட்டேன். பொதுவாகச் சொன்னேன் என்றார்.

குளிர் தொடங்கினதில் இருந்து முழங்கால் இரண்டும் படுத்தும் பாடு சொல்ல முடியாது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஊருக்குப் போன் எடுக்கிறேன். பத்தண்ணையின் தம்பிக்குச் சலரோகம் எப்படி, சின்ன மாமா இப்போது எழும்பி நடக்கிறாரா, கொழும்பில் இருக்கிற பெரியவருக்கு இருதயம் எப்படி என்று ஒருவர் விடாமல் விசாரிக்கிறேன். எல்லாரும் நல்ல சுகம் என்கிறாள் கிருசாந்தினி. அப்படியா, சந்தோஷம் என்கிறேன்.

"மாமி, இஞ்சை எல்லாரும் உங்களைத்தான் சொல்லுறவை," என்றாள் போன கிழமை. "வெளிநாட்டிலை இருந்துகொண்டு எங்கடை வயசுபோன ஆக்களை இவ்வளவு நினைக்கிறது நீங்கள் ஒராள்தானாம்."