மூன்றாவது வேண்டாம்

எங்கள் ஊரில் ஒருவன் 'வேண்டாம்' என்று சொன்னால், இன்னொரு தரம் கேளுங்கள் என்று அர்த்தம். இரண்டாவது முறையும் சொன்னால், நல்ல இடத்தில் வளர்ந்த பிள்ளை என்று அர்த்தம். மூன்றாவது முறையும் சொன்னால்தான் அவனுக்கு நிஜமாகவே டீ வேண்டாம். டெஹ்ரானில் பிறக்கும் குழந்தைக்கு நடை வருவதற்கு முன்பே இந்தக் கணக்கு வந்துவிடும். டீக்கும் பழத்தட்டுக்கும் கல்யாண விருந்துக்கும் இந்த ஏற்பாடு அருமையாகவே வேலை செய்கிறது. பனிமலையில் எப்படி வேலை செய்யும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

போன குளிர்காலத்துக்குப் பிறகுதான் யோசித்தோம். எங்கள் பல்கலைக்கழக மலையேற்ற மன்றத்திலிருந்து நான்கு பேர் சறுக்கப் போனார்கள், மூன்று பேர் திரும்பி வந்தார்கள். வராதவன் அர்ஜங். அவனுடைய நாற்பதாம் நாளன்று, கையில் ஹல்வாவோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. அன்றைக்கு அந்தச் சரிவில் இறங்க நான்கு பேருக்குமே இஷ்டமில்லை. மற்றவர்கள் மனம் கோணக் கூடாதே என்று ஒவ்வொருவனும் இறங்கியிருக்கிறான். அர்ஜங் இரண்டு தடவை 'வேண்டாம்பா' என்று சொன்னானாம். நல்ல பையன். மூன்றாவது தடவை சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பான்.

அதன் பிறகு மன்றத்தில் ஒரு விதி போட்டோம்: யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. கையெழுத்துக் கலை தெரிந்த ஒரு மாணவி அதை வளைவும் சுழியுமாக எழுதித் தர, சட்டம் போட்டு மன்ற அறையில் மாட்டினோம். எழுத்து அவ்வளவு அழகு. இதுவரை யாராலும் அதைப் படிக்க முடியவில்லை.

இப்போது பஹ்மன் மாதம். எங்கள் மொழியில் மலைப்பனி சரிந்து விழுவதற்கும் பஹ்மன் என்றுதான் பெயர். நாள்காட்டி போட்டவர்கள் எங்களை எச்சரித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

இந்த வருஷப் பனி ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. முதலில் கொஞ்சம் பெய்தது. பிறகு வாரக்கணக்கில் தெளிந்த வானம், எலும்பைக் கடிக்கும் குளிர். அந்தக் குளிரில் அடிப்பனி ஒட்டும் குணத்தை இழந்து சர்க்கரை மாதிரி உதிரியாகிவிட்டது. அதன் மேல் புயல் வந்து, காற்று பனியை அள்ளி வந்து ஒரே பாளமாக அடுக்கிவிட்டுப் போனது. பார்வைக்குப் பிரமாதம். உள்ளே, சர்க்கரை மூட்டைமேல் கட்டிய கான்கிரீட் கூரை.

இதையெல்லாம் வாராவாரம் குழி தோண்டிப் பார்த்து மன்றத்தின் கைப்பேசிக் குழுவில் எழுதுகிறவள் பரஸ்தூ. புவியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள், எங்கள் தலைவி. 'ஆபத்து அதிகம். வடக்குச் சரிவுகள் பக்கம் போகாதீர்கள்' என்று அவள் எழுதினால் உடனே நன்றிப் பதில்கள் குவியும். 'உங்கள் கைகள் வலிக்காமல் இருக்கட்டும்.' 'உங்கள் நிழல் குறையாமல் இருக்கட்டும்.' அப்புறம் அதே ஆட்கள் வடக்குச் சரிவுக்கு வண்டி ஏற்பாடு செய்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை வேனில் நான்கு பேர் இருந்தோம். முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் இன்ஜினியர் ஹொர்முஸ். ஐம்பது வயது, குளிர்பதன அறைகள் கட்டும் தொழில், தங்கமான மனுஷன், எங்கள் பெயரோடு 'ஜான்' சேர்த்து, உயிரே என்றுதான் கூப்பிடுவார். பனியில் புதைந்தவர்களைத் தேடும் கருவிகளை மன்றத்துக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதாவது நாங்கள் புதைந்தால் கிடைப்பது அவர் தயவில். 'அரூஸ்' என்று ஒரு வடக்குச் சரிவு, மணப்பெண் என்று பொருள்; இந்தக் குளிர்காலத்தில் அதில் ஒரு தடவையாவது இறங்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் பக்கத்தில் ஸாமான். அர்ஜங்கோடு போய்த் திரும்பி வந்த மூவரில் ஒருவன். அதற்குப் பிறகு அவன் பேசுவது 'சரி' ஒன்றைத்தான். பின் இருக்கையில் பரஸ்தூவும் நானும்.

பரஸ்தூ கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"பெஜ்மான்," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "இன்னைக்கு நீ ஒரு தடவ சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"வேண்டாம்னு. அரூஸ் இன்னைக்கு ஆளை முழுங்கிடும். நான் சொல்லுவேன். ஆனா நான் சொல்றது யார் காதிலயும் ஏறாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிச் சொல்லி என் வேண்டாம் தேஞ்சுபோச்சு. பனி இப்படி இருக்குன்னு சொன்னா, 'பரஸ்தூ எப்பவும் அப்படித்தான் சொல்லுவா'ங்கறாங்க."

"நான் சொன்னா மட்டும்? நான் எங்க பாட்டனார் சாவுலகூட ஜோக் அடிச்சவன்னு ஊருக்கே தெரியும்."

"தெரியும். அதான் கவலையா இருக்கு," என்றாள். "வேற ஆள் இல்ல. ஸாமானைக் கேக்க எனக்கு மனசு வரல."

அப்புறம் நிஜமாகவே தூங்கிவிட்டாள்.

சாலை முடிகிற இடத்தில் வேனை விட்டுவிட்டு, சறுக்குப் பலகைகளின் அடியில் வழுக்காப் பட்டையை ஒட்டிக்கொண்டு ஏறினோம். பாதி வழியில், ஒரு சமதரையில், காலுக்குக் கீழே 'ஹூம்' என்று ஒரு சத்தம். பெரிய மிருகம் ஒன்று புரண்டு படுத்த மாதிரி. மேல் பாளம் அடியில் இருக்கும் சர்க்கரைமேல் அமர்ந்த சத்தம் அது. சமதரை என்பதால் பிழைத்தோம்; இதே சத்தம் சரிவில் கேட்டால் அதற்குப் பிறகு எதுவும் கேட்காது.

"மலை ஏப்பம் விடுது," என்றார் இன்ஜினியர் உற்சாகமாக. "சாப்பிட்டு முடிச்சிருக்கும். நமக்கு நல்லதுதான்."

அரூஸின் மேல் விளிம்புக்கு வந்ததும் பரஸ்தூ பையை இறக்கி, மண்வாரியை எடுத்து, ஓரத்தில் குழி தோண்டத் தொடங்கினாள். நானும் சேர்ந்துகொண்டேன். பனியில் தூண் மாதிரி ஒரு பகுதியை அறுத்து நிறுத்தி, அதன் தலையில் மண்வாரியை வைத்துக் கையால் தட்ட வேண்டும். முதலில் மணிக்கட்டால் மெதுவாக, பிறகு முழங்கையிலிருந்து, கடைசியில் தோளிலிருந்து. தோள்வரை தாங்கினால் ஓரளவு நம்பலாம். எங்கள் தூண் மணிக்கட்டுக்கே போய்விட்டது. மேஜை இழுப்பறையை இழுத்த மாதிரி மேல்பாளம் சுத்தமாக வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தது.

"பாத்தீங்களா, இன்ஜினியர்," என்றாள் பரஸ்தூ. குரலில் வாதாடும் தெம்புகூட இல்லை. "இறங்க முடியாது. வேண்டாம்."

"உங்களுக்கு நான் பலி, பரஸ்தூ மேடம்," என்றார் அவர். எங்கள் ஊரில் காய்கறிக்காரர்கூட இப்படித்தான் பேசுவார்; யாரும் தேதி கேட்பதில்லை. "நீங்க எங்களப் பெத்த தாய் மாதிரி கவலப்படறீங்க. போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும். மலை அங்கேயேதான் இருக்கு. ஸாமான் ஜான், நீ என்ன சொல்ற?"

"சரி," என்றான் ஸாமான்.

எதற்குச் சரி என்று அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இன்ஜினியர் பலகைகளின் பட்டையைக் கழற்றிச் சுருட்டினார். கீழே அரூஸ் கிடந்தது. வெள்ளை வெளேர் என்று, ஒரு சுருக்கம் இல்லாமல். அதன் அடியில் ஓடைப் பள்ளம். சரியும் பனியும் அதில் புதைகிறவனும் நேராகப் போய் விழுவதற்கென்றே செய்த பாத்திரம்.

பரஸ்தூ என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமினேன். அந்தச் செருமலை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"அட, மறந்தே போனேன்," என்றார். "குழி தோண்டின ஆளு நீதான். முதல் தடம் உன்னுது. வா, இறங்கு, பெஜ்மான் ஜான்."

யார் காலும் படாத சரிவில் முதலில் இறங்குவது பெரிய கௌரவம். அதை ஒருவர் விட்டுத் தருகிறார் என்றால், பெண்ணைக் கொடுப்பதற்குக் கொஞ்சம்தான் கீழே.

"வேண்டாம், சார்," என்றேன்.

"அதெப்படி? நீ இறங்காம நான் இறங்குவேனா? என் அம்மாமேல ஆணை, நீதான் முதல்ல."

"வேண்டாம், சார். நிஜமா."

"பாத்தியா வளர்ப்ப," என்று அவர் ஸாமான் பக்கம் திரும்பினார். "இந்தக் காலத்துப் பசங்கள்ல இப்படி ஒருத்தனக் காட்டு. சரி, பெரியவனுக்கு விட்டுக்கொடுக்கற. உன் மனசு எனக்குப் புரியுது. நானே முதல்ல போறேன்."

என் இரண்டு வேண்டாமும் நல்ல வளர்ப்பின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்றாவது மட்டும் மிச்சம். அதையும் நான் சொன்னேன்.

"சார், வேண்டாம். பனி தாங்காது. எல்லாரும் திரும்பணும். இது மன்றத்து விதி."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்க. "இவன் மூஞ்சியப் பாரு, எப்படி வச்சிருக்கான்னு. போன மாசமும் இப்படித்தான், வேன்ல பெட்ரோல் இல்லன்னு சொல்லிப் பாதி வழி என்னத் தள்ள வச்சான்."

அது உண்மை. வேனில் பெட்ரோல் இருந்தது.

அவர் பலகையில் காலைப் பூட்டினார். 'டக்' என்ற அந்தச் சத்தம் கேட்டதும் ஸாமான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன வருஷமும் அதே சத்தத்தைக் கேட்டிருப்பான். மரியாதையாகச் சொல்ல என்னிடம் இனி ஒரு வேண்டாம்கூட இல்லை. மிச்சம் இருந்தது மரியாதை மட்டும்தான். அதைக் கழற்றினேன்.

"ஹொர்முஸ்," என்றேன். "நீ போகக் கூடாது."

அவர் சிரிப்பு நின்றது.

"போனா செத்துப்போவ. உன்னத் தோண்டி எடுக்கப்போறது நாங்கதான். உன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லப்போறதும் நாங்கதான். ஸாமான் அத ஒரு தடவ செஞ்சிட்டான். இன்னொரு தடவ அவனால முடியாது. கழட்டு அத."

இன்ஜினியர் பட்டம் இல்லாமல் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவர் அம்மா. இன்னொருவர் வருமான வரி அதிகாரி. நீ என்று சொல்லும் தைரியம் அந்த அதிகாரிக்கும் கிடையாது. காற்றில் பொடிப்பனி பறந்தது. என் காது சூடாகிக்கொண்டிருந்தது. பனிச்சரிவைப் பார்த்துக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

யாரோ பலகையைக் கழற்றும் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஸாமான்.

"வேண்டாம்," என்றான் அவன், குனிந்தபடியே. ஒரு தடவைதான் சொன்னான்.

இன்ஜினியர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கீழே கிடந்த மணப்பெண்ணைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, சுருட்டிய பட்டையை மறுபடி விரித்துப் பலகையில் ஒட்டினார்.

ஏறின தடத்திலேயே இறங்கினோம். ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. முழங்கால் வலித்தது, அவ்வளவுதான்.

சாலை முடிவில் இருக்கும் டீக்கடையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அரூஸ் முழுசாகத் தெரியும். இன்ஜினியர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஆஷ் கஞ்சி வந்தது, கபாப் வந்தது, சமோவாரிலிருந்து டீ வந்துகொண்டே இருந்தது. அவர் கண் மலையை விட்டு நகரவில்லை.

"இன்னும் விழலையே," என்றார்.

"விழாது," என்றாள் பரஸ்தூ. "நாம இறங்கல இல்ல, அதனால விழாது. என்னைக்கும் இப்படித்தான். நாம சொன்னது சரியான்னு கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது."

"அப்ப தப்பாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்," என்றாள். ரொட்டியைக் கஞ்சியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர் வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்தது. அரூஸ் ரோஜா நிறமாகி, சாம்பல் நிறமாகி, சமர்த்தாக அங்கேயே கிடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் கிடக்கும். அன்றைக்கும் யாராவது சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசியில் அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். தட்டில் ஒரே ஒரு கபாப் மிஞ்சியிருந்தது. காலையிலிருந்து எனக்குப் பசி. அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று புரிந்தது.

"எடுத்துக்க, பெஜ்மான் ஜான்."

அவரை 'நீ' என்று சொன்ன வாய் இது. கொஞ்சமாவது மரியாதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா.

"ஐயோ, வேண்டாம் சார். நீங்க சாப்பிடுங்க."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மிகுந்த பணிவோடு தலையசைத்தார்.

"சரி," என்றார். "உன் வேண்டாம்னா வேண்டாம்தான். இன்னைக்குக் கத்துக்கிட்டேன்."

கபாப் ஸாமானின் தட்டுக்குப் போனது. ஸாமான் "சரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான்.

பரஸ்தூ தன் ரொட்டியில் பாதியைக் கிழித்து என் முன்னால் வைத்தாள். வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.